கொழுந்தனாரின் வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

எங்கள் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மகள், கொழுந்தனார் என்று நான்கு பேருக்கும் சேர்த்துக் கழிவறை ஒன்றுதான். காலையில் அந்தக் கதவுக்கு முன்னால் நடக்கும் சண்டையில் ஒரு நாளும் தோற்காதவர் என் கொழுந்தனார். செய்தித்தாள் வாசலில் வந்து விழும் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போவார். தாழ்ப்பாள் விழும். கொஞ்ச நேரத்தில் சீட்டிச் சத்தம் வரும். வெளியே என் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு நின்று கதவைத் தட்டுவார்.

"டேய், உள்ள என்ன குடித்தனமா நடத்துற? எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

"வந்துட்டேன்ணே. அவசரப்பட்டா காரியம் கெடும்."

"உன் காரியம் எங்கடா கெடுது? என் காரியம்தான் கெடுது."

கொழுந்தனாருக்கு வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் வேலை. தெருவில் எல்லாருக்கும் அவர் 'மெஷின்காரர்'. படிப்பு ஏறவில்லை, கை வேலை ஏறியது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "நானே ஒரு வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கேன், என்னை நம்பி இன்னொருத்தரா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன். கோபப்பட்டுப் பார்த்ததில்லை. காய்ச்சல் என்றால் ஒரு நாள் போர்த்திக்கொண்டு படுப்பார், மறுநாள் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாத்திரை தொடமாட்டார். கொள்கை, கத்தரிக்காய் எல்லாம் ஒன்றும் கிடையாது. மாத்திரை தொண்டையில் நின்றுகொள்ளும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அவருக்கு நேர் எதிர். பெரிய ஜவுளிக்கடையில் மேற்பார்வை. சட்டையில் மடிப்புக் கலையாது. பையில் எப்போதும் கைக்குத் தடவும் கிருமிநாசினி இருக்கும். ஒரு தும்மல் வந்தால் போதும், தெருமுனை மருந்துக்கடையில் போய் நின்று, "போன தடவை குடுத்தியே, அதையே குடு" என்பார். எது கொடுத்தான், எதற்குக் கொடுத்தான் என்பதெல்லாம் இரண்டு பேருக்கும் அநாவசியம். "சார் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் டப்பாவைத் திறந்துடுவேன்" என்று அந்தக் கடைக்காரர் என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டிலும் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இவருக்குக் கீரையில் இலை மட்டும் வேண்டும், ஒரு காம்பு கிடந்தாலும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். கொழுந்தனாருக்கோ அந்தக் காம்புதான் சாப்பாடு. கீரைத்தண்டு, காலிஃபிளவரின் நடுக்கட்டை, பூசணித் தோல், முள்ளங்கி இலை என்று நான் ஒதுக்கிப் போடுவதையெல்லாம் பார்த்தபடி சமையலறை வாசலில் நிற்பார்.

"குப்பைக்கூடைக்குப் போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க அண்ணி."

அதையெல்லாம் பொடியாக நறுக்கி, ஏதாவது ஒரு பருப்பையோ பயற்றையோ சேர்த்துத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்துக்கொள்வார். பிறகு மேஜையில் உட்கார்ந்து நறுக் நறுக்கென்று மெல்வார். அந்தச் சத்தம் என் வீட்டுக்காரருக்கு ஆகாது.

"மாடுகூட சத்தமில்லாம மெல்லும்டா."

"மாட்டுக்கு நாலு வயிறுண்ணே. எனக்கு ஒண்ணுதான, பாதி வேலையை வாயிலயே முடிச்சு அனுப்பறேன்."

அந்த ஒரு வயிறு எங்கள் வீட்டுக்கு என்ன செய்யப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஒருநாள் அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்திருந்தார்கள். பின்கட்டில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே வேலை செய்கிறவர்களின் வெள்ளைக் கோட்டுகளைத் துவைக்கிற மெஷின் சுற்றாமல் நின்றுவிட்டது. இவர் வடிகட்டியைக் கழற்றி, இரண்டு பேனா மூடி, ஒரு ரப்பர் கையுறை விரல், ஒரு கொத்து முடி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கூடத்தின் ஆய்வாளர். குள்ளமான அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம்.

"இங்க என்ன மேடம் பண்றீங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"மனுஷங்க குடல்ல குடியிருக்கற கிருமிகளைப் பத்திப் படிக்கறோம்."

"கொல்றதுக்கா?"

"ஐயோ, இல்ல. யார் யார் இருக்காங்க, எப்படிச் சேர்ந்து வாழறாங்கன்னு பார்க்கறதுக்கு. கோடி கோடியா இருக்காங்க. நமக்கு நல்லது பண்றவங்கதான் அதுல நிறைய."

"அதை எப்படிப் பார்ப்பீங்க?"

அந்த அம்மாள் கூச்சப்படாமல் சொல்லியிருக்கிறார். இவரும் கூச்சப்படாமல் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, கையிலிருந்த வடிகட்டியைத் தூக்கிக் காட்டி, "இதைத் திறந்தா அந்த வீட்டைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுடும் மேடம். நீங்க மனுஷனோட ஃபில்டரைத் திறக்கறீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்றாராம். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. ஆரோக்கியமாக இருக்கிற சாதாரண ஆட்கள் ஆராய்ச்சிக்கு வேண்டும், வாரம் ஒருமுறை கொஞ்சம் மலம் கொண்டுவந்து கொடுத்தால் போதும், வருவீர்களா என்று அங்கேயே கேட்டுவிட்டார்.

இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் அந்த நீலப்பெட்டி வந்தது. பார்ப்பதற்குச் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே வைக்கிற ஐஸ் பொட்டலங்களை என் ஃப்ரிட்ஜில் உறைய வைக்க வேண்டும் என்றபோது எனக்கும் அவருக்கும் முதல்முதலாகச் சண்டை வருகிற மாதிரி இருந்தது. பொட்டலம் புதிது, பெட்டிக்குள் போய்விட்டு வந்தால் சமையலறைப் பக்கம் திரும்பாது, ஆய்வுக்கூடத்திலேயே மாற்றித் தருவார்கள் என்று சத்தியம் செய்தார். ஒரு மூலையைக் கொடுத்தேன். வண்டியில் ஒரு பக்கம் ஸ்பேனர் பை, மறுபக்கம் நீலப்பெட்டி. வழியில் யாராவது "அது என்ன பெட்டி?" என்று கேட்டால், முகம் மாறாமல் "ஸ்பேர் பார்ட்ஸ்" என்பார்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு வண்ணப் படத்தோடு வந்தார். பக்கத்துப் பக்கத்தில் நிறைய பட்டைகள் நின்றன, ஒவ்வொரு பட்டையும் ஓர் ஆளாம். அதில் உள்ள ஒவ்வொரு நிறமும் ஒரு கிருமி வகையாம். மற்றவர்களுடைய பட்டையில் நாலைந்து நிறம் என்றால், இவருடையது ஜவுளிக்கடையில் துணி மாதிரிகளை அடுக்கி வைத்ததுபோல் இருந்தது. இத்தனை வகை ஒரே வயிற்றில் ஒற்றுமையாக இருப்பதை அடிக்கடி பார்க்க முடியாது என்று அந்த அம்மாள் சொன்னாராம்.

"எங்கேயும் முதல் மார்க் வாங்காதவன் அண்ணி நான். இதுல வாங்கிட்டேன்" என்று அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

"எதுல முதல் மார்க் வாங்கறதுன்னு ஒரு விவஸ்தை வேணாமாடா?" என்றார் என் வீட்டுக்காரர்.

படம் அங்கேயே இருந்தது.

அடுத்த வருடம் என் வீட்டுக்காரருக்குத் தொடையில் ஒரு கட்டி வந்தது. கீறி எடுத்தார்கள், வீரியமான மாத்திரைகள் கொடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் வயிறு பிடித்துக்கொண்டது. முதலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். பிறகு பார்த்தால், அவர் கழிவறையை விட்டு வெளியே வருவதே பெரும்பாடாகிவிட்டது. குடலில் ஒரு கெட்ட கிருமி பெருகியிருக்கிறது என்று கண்டுபிடித்து அதற்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். நின்றது. மாத்திரை முடிந்ததும் திரும்ப வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி நின்றது, மறுபடி வந்தது.

காலைச் சண்டை அதோடு நின்றுபோனது. உள்ளே எப்போதும் இவர்தான். கொழுந்தனார் செய்தித்தாள் விழுந்ததும் சத்தமில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் இருக்கிற பெட்ரோல் பங்க் கழிவறைக்குப் போய்விட்டு வருவார். இதை அவர் சொல்லி எனக்குத் தெரியவில்லை. பங்க்கில் வேலை செய்கிற பெண் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னாள். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவற்றில் இதுதான் முதல் கணக்கு என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் வீட்டுக்காரர் பாதியாகிவிட்டார். இடுப்பில் பெல்ட் நிற்கவில்லை. புது ஓட்டை போட்டுத் தருவது கொழுந்தனார் வேலை. ஊசியைச் சூடாக்கி, அளந்து பார்த்துப் போடுவார். பிறகு ஒருநாள் கழிவறைக்குள் தொம்மென்று சத்தம் கேட்டது. கதவை நெம்பித் திறந்து தூக்கினோம். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் திணறுகிறது என்று மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள்.

வைத்தியர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார்: "இப்போ மாத்திரையில அடங்கியிருக்கு. நிறுத்தினா திரும்ப வரும். இன்னொரு தடவை இப்படி வந்தா இவர் உடம்பு தாங்காதும்மா. பெருங்குடலையே எடுக்க வேண்டி வரலாம். இப்போ இருக்கற நிலைமைல அந்த ஆபரேஷனைத் தாங்குவாரான்னும் சொல்ல முடியாது."

"வேற வழி?"

"ஒண்ணு இருக்கு. பின்கட்டுல ஆய்வுக்கூடம் இருக்கு, அங்க போய்ப் பேசுங்க."

கொழுந்தனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். நாற்றம் அடிக்கும் என்று முந்தானையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு போனால், ஸ்பிரிட் வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு மேஜை அளவுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடாரம், அதன் சுவரில் தோள்வரை நீளமான கையுறைகள் தொங்கின. ஒரு பெண் வெளியிலிருந்தே அவற்றுக்குள் கையை விட்டு உள்ளே ஏதோ செய்துகொண்டிருந்தாள். குடலுக்குள் இருக்கிற பல கிருமிகள் காற்றுப்பட்டாலே செத்துவிடுமாம். அதனால் அவற்றுக்கென்று பிராணவாயு இல்லாத அறை. பிரசவ அறையில்கூட இவ்வளவு பத்திரம் பார்க்கமாட்டார்கள்.

ஆய்வாளர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"ஒரு தெருவுல திருடன் பூந்துட்டான்னு வெச்சுக்கோங்கக்கா. அவனைப் பிடிக்கத் தெருவையே காலி பண்ணினா எப்படி? புண்ணுக்குக் குடுத்த மாத்திரை அதைத்தான் பண்ணிடுச்சு. அதுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. அதுக்கு முன்னாடியும் உங்க வீட்டுக்காரர் நிறைய மாத்திரை சாப்பிட்டவர் போல. குடியிருந்தவங்க எல்லாரும் போயாச்சு. காலி வீடு சும்மா இருக்குமா? ஒரு ரவுடி வந்து உக்காந்துட்டான். அடிச்சு விரட்டறோம், போறான். வீடு காலியாவே இருக்கு, திரும்ப வர்றான்."

"அப்போ என்ன பண்றது?"

"நல்ல குடித்தனக்காரங்களைக் கூட்டிட்டு வந்து குடி வெச்சுடணும். ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தைக் கரைச்சு வடிகட்டி, குழாய் வழியா இவர் குடலுக்குள்ள விடணும். அதுல இருக்கறவங்க வேரூன்றிட்டா ரவுடிக்கு இடம் இருக்காது. இந்த நோய்க்கு இது நிறைய பேருக்குக் கை குடுத்திருக்கு."

இப்படித் தருவதற்கு அவர்களிடம் ஏற்கெனவே சோதித்து வைத்த ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், அவர் ஆகாது. இன்னொருவர் வெளியூர் போயிருந்தார். ஆய்வாளர் அதைச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"ஏற்கெனவே வாராவாரம் குடுக்கறேனே மேடம், அது இருக்காதா?"

"அது ஆராய்ச்சிக்கு அண்ணே. கொஞ்சூண்டு எடுத்து, மருந்துல போட்டுடுவோம். அதுல உயிர் இருக்காது. இதுக்கு அன்னன்னைக்குப் புதுசா வேணும். அதுக்கு முன்னாடி ரத்தம், மலம் எல்லாம் மறுபடி சோதிக்கணும்."

"எடுத்துக்கோங்க. அது என்ன, அறுத்தா குடுக்கப்போறேன்?"

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவனோடதா? என் வயித்துக்குள்ளயா?"

"வேற வழி இல்லைங்க."

"ஏன், வேற யாரும் கிடைக்கலையா? நல்ல குடும்பத்து ஆளா யாராவது..."

கால்மாட்டில் நின்றிருந்த கொழுந்தனார், "நான் எந்தக் குடும்பம்ணே?" என்றார்.

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நானும் சிரித்துவிட்டேன். மூன்று மாதங்களாக எங்களில் யாரும் சிரித்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே, "அவன் குறட்டையும் சேர்ந்து வந்துடுமா?" என்று கேட்டார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

சோதனைகள் எல்லாம் சரியாக வந்தன. நாள் குறித்தார்கள். என் வீட்டுக்காரரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

புருஷனுக்கு உயிர் கொடுக்கப்போகிறவருக்குக் கீரைத்தண்டையும் பூசணித் தோலையுமா போடுவது? மனசு கேட்கவில்லை. இத்தனை வருடமாக அவருக்கென்று ஒன்று சமைத்ததில்லையே என்று அன்றுதான் உறைத்தது. காலையில் முட்டையும் பாலும், மத்தியானம் வெண்ணெயில் வறுத்த கோழி, சாயங்காலம் கேக். என் நாத்தனார் விஷயம் கேள்விப்பட்டு ஒரு பெரிய பெட்டி நிறைய இனிப்பு அனுப்பினாள். தண்டைத் தேடி சமையலறைக்கு வந்தவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி மேஜையில் உட்கார வைத்தேன்.

"அண்ணி, போதும்."

"பேசாம சாப்பிடுங்க தம்பி. உங்களைக் கவனிச்சுக்கறதை விட எனக்கு வேற என்ன வேலை?"

"டேய், சாப்பிடுடா. நீ தெம்பா இருந்தாத்தான் நான் தெம்பா இருப்பேன்" என்று கட்டிலில் இருந்து குரல் வரும்.

ஆசையாகப் போடுகிறபோது வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. யாரும் அப்படி வற்புறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. பத்து நாள் சாப்பிட்டார்.

குறித்த நாள் காலையில் நீலப்பெட்டியோடு போனவர், அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"என்ன தம்பி?"

"நேத்துலேர்ந்து வயித்துப்போக்கு அண்ணி. அங்க கேட்டாங்க, சொல்லிட்டேன். ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுட்டாங்க. மறுபடி சோதிச்சுட்டுத்தான் எடுப்பாங்களாம்."

இரண்டு வாரம். அதுவரை மாத்திரை தாக்குப்பிடிக்குமா? "சொல்லாம இருந்திருக்கக் கூடாதா?" என்று வாய் முந்திக்கொண்டது.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "ஃபில்டர் அடைச்சிருக்குன்னு தெரிஞ்சும் மெஷினை ஓட்டச் சொல்றீங்களா அண்ணி? போறது அண்ணன் வயித்துக்குள்ள."

அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, அவருக்கு என்ன ஆச்சு? இத்தனை மாசத்துல ஒருநாள்கூட இப்படி இருந்ததில்ல. கேட்டா, கடையில ஏதோ சாப்பிட்டேன்னு சொல்றார்."

"கடையிலயா? நான் அவரைக் கடைப் பக்கமே விடலையேம்மா. பத்து நாளா ராஜா மாதிரி கவனிச்சுக்கறேன்" என்று ஆரம்பித்து, கோழியிலிருந்து கேக்வரை ஒன்று விடாமல் பெருமையாகச் சொன்னேன். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்க்கா" என்றார் அவர் மெதுவாக. "அவர் வழக்கமா என்ன சாப்பிடுவார்?"

சொன்னேன்.

"அதைத்தான் அவங்களும் சாப்பிடறாங்க, உள்ள இருக்கறவங்க. தண்டு, தோல், பருப்பு, இதெல்லாம் நமக்குச் செரிக்காம கீழ போற சாப்பாடு, அதுதான் அவங்களுக்குச் சோறு. நீங்க பத்து நாளா அவங்களைப் பட்டினி போட்டிருக்கீங்க."

"ஐயையோ. இப்போ என்ன பண்றது? அவரை எப்படிக் கவனிச்சுக்கறது?"

"நீங்க அவரைக் கவனிக்காம விட்டாப் போதும்க்கா."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். எனக்காகக் கடைமேல் பழியைப் போட்ட மனுஷர் சுவரோரமாக நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "நீங்க ஆசையா போட்டீங்க. அதைப் போய் எப்படி அண்ணி சொல்றது?" என்றார்.

அன்று மாலையே சந்தைக்குப் போய் நான்கு கட்டுக் கீரை வாங்கி வந்தேன். வயிறு அடங்கும்வரை ஓரிரு நாள் கஞ்சி. பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இலைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். தண்டுகளைப் பத்திரப்படுத்தினேன். காலிஃபிளவர்க் கட்டையை மட்டும் கேட்ட என்னைக் காய்க்காரர் ஒருமாதிரியாகப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டிலை விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மேஜையருகே உட்காருவார். தம்பி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார், அடுப்பில் வேகிற சொந்தச் சோற்றைப் பார்க்கிறவர் மாதிரி.

"நல்லா மெல்லுடா. என்ன அவசரம்?"

"சத்தம் வருதுண்ணே."

"வரட்டும். அந்தப் பருப்பையும் வழிச்சுக்கோ. எனக்குன்னு நினைச்சுச் சாப்பிடு."

"இந்தத் தண்டு உனக்கு, இந்தத் தண்டு எனக்குன்னு பிரிச்சா உள்ள அனுப்ப முடியும்?"

நறுக் நறுக்கென்று அந்தச் சத்தம். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் எனக்கு அதைவிட நல்ல சத்தம் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

அந்த இரண்டு வாரத்துக்குள் ஒருநாள் இவருக்கு மறுபடி வயிறு கலங்கியது. சட்டையை மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடினோம். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து அடக்கினார்கள். கொழுந்தனார் அன்று வேலைக்குப் போகாமல் மருத்துவமனை வராந்தாவிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து தண்டு மென்றுகொண்டிருந்தார். "நான் என் வேலையை நிறுத்தக் கூடாது பாருங்க அண்ணி" என்றார். அழவேண்டியவளைச் சிரிக்க வைத்துவிட்டார்.

மறு சோதனை சரியாக வந்தது. அன்று காலை செய்தித்தாள் விழுந்த சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் விழுந்தது. நானும் மகளும் கழிவறைக்கு வெளியே பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். உள்ளேயிருந்து சீட்டிச் சத்தம் வந்தது. மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நீலப்பெட்டியோடு அவர் வண்டியில் போன வேகத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாய் வழியாக அதை உள்ளே விட்டார்கள். ஆய்வாளரே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, பால் புட்டி கொண்டுவருகிறவர் மாதிரி நடந்து வந்ததை நான் பார்த்தேன். வாசலில் என்னைக் கண்டதும் நின்று, "எல்லாரும் உயிரோட இருக்காங்க" என்றார். நான் அந்தப் பாட்டிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குள் இருக்கிற கோடிப் பேரில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. வேறு எப்படி நன்றி சொல்வது?

மாத்திரையை நிறுத்தினார்கள். முதல் நாள் பயந்து பயந்து விடிந்தது. அடுத்த நாளும். ஒரு வாரம் போனது. ரவுடி வரவில்லை. இரண்டாவது வாரத்தில் என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்று, "பசிக்குது" என்றார். மாதக்கணக்கில் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவள் நான். கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துக் கழுவிவிட்டுச் சோறு போட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஆய்வாளர் ஒரு புதுப் படம் கொடுத்தார். அதில் மூன்று பட்டைகள். முதலாவது நோயோடு இருந்த என் வீட்டுக்காரர், வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒரே நிறம். இரண்டாவது கொழுந்தனார். மூன்றாவது இப்போதைய என் வீட்டுக்காரர். இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றி வைத்தால் எனக்கு அடையாளம் தெரியாது. "அண்ணன் தம்பின்னு இப்பதான்க்கா தெரியுது" என்றார் அந்த அம்மாள். பழைய படத்துக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டினோம். இந்தமுறை காந்தத்தைத் தேடி எடுத்து வந்தது என் வீட்டுக்காரர்.

கடைக்குத் திரும்பிய அன்று தம்பிக்கு ஒரு நல்ல சட்டை எடுத்து வந்து நீட்டினார். என்ன சொல்லிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "அளவு சரியா இருக்கும்" என்றார். கொழுந்தனார் சட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது எதுக்குண்ணே? காலைல கொஞ்சம் முன்னாடி என்னை உள்ள விட்டாப் போதும்" என்றார். ஏனென்றால் அந்தச் சண்டை திரும்ப ஆரம்பித்திருந்தது. இப்போது என் வீட்டுக்காரருக்கும் செய்தித்தாள் விழும் நேரத்துக்கே வந்துவிடுகிறது.

போன வாரம் நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசலில் செய்தித்தாள் விழுந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. கொழுந்தனார் தோளில் துண்டோடும் கையில் நீலப்பெட்டியோடும் வெளியே நின்றார். அன்று அவருக்கு ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற நாள்.

"அண்ணே, எவ்வளவு நேரம்?"

"அவசரப்பட்டா காரியம் கெடும்."

"எனக்கு நேரம் தவறினா அங்க ஆராய்ச்சியே கெடும். நீ ஒருத்தன்தான உள்ள இருக்க, சீக்கிரம் வா."

உள்ளே தண்ணீர்க் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒருத்தன் எங்கடா இருக்கேன்? பாதி நீதான்."

எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிற மனுஷர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "நான் பங்க்குக்குப் போயிட்டு அப்படியே மேடத்தைப் பார்த்துட்டு வந்துடறேன் அண்ணி" என்று கிளம்பினார்.

"தண்டு எடுத்து வெச்சிருக்கேன் தம்பி" என்றேன். "ரெண்டு பேருக்கும்."